பலகைக்கு வெளியே மானுவல் ஆரோன்

சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே வழங்கும் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தை முதலில் பெற்ற இந்தியர் மானுவல் ஆரோன். 1935 டிசம்பர் 30 அன்று பர்மாவின் டவுங்கூ நகரில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தார், தமிழ்நாட்டில் வளர்ந்தார், அலகாபாத் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றார். 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் 9 முறை தேசியச் சாம்பியன், 1957-க்கும் 1982-க்கும் இடையில் 11 முறை மாநிலச் சாம்பியன். ஒரு தலைமுறை முழுவதும் இந்தியச் சதுரங்கத்தின் முதல் பெயராக அவர் இருந்தார் என்பதற்கு இந்த எண்களே போதும். ஆனால் அவரது பணியில் பெரும்பகுதி பலகைக்கு வெளியே நடந்தது. சங்கம் நடத்தியது, நாளிதழில் பத்தி எழுதியது, மாத இதழ் கொண்டுவந்தது, போட்டிகளை நிர்வகித்தது, கடைசியில் இந்த ஆட்டத்தின் வரலாற்றையே தொகுத்தது என்று அந்தப் பணி நீள்கிறது. இன்று சென்னை உலகச் சதுரங்கத்தின் தலைநகரங்களில் ஒன்றாகப் பேசப்படுவதற்கு, அவர் வென்ற கோப்பைகளைவிட இந்த இரண்டாவது வாழ்க்கைதான் அதிகக் காரணம்.

அவர் ஆடத் தொடங்கிய காலத்தில் இந்தியாவில் சதுரங்கம் என்று சொன்னாலே எந்தச் சதுரங்கம் என்று கேட்க வேண்டியிருந்தது. வீட்டுத் திண்ணைகளிலும் மண்டபங்களிலும் ஆடப்பட்ட நாட்டுச் சதுரங்கத்துக்குத் தனி விதிகள் உண்டு. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கோட்டை கட்டுதல் கிடையாது. அதற்குப் பதிலாக, ராஜா ‘செக்’ வாங்காதவரை ஒரே ஒரு முறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய் விரும்பிய காயாக மாறாது, அது நிற்கும் பத்திக்கு உரிய காயாகத்தான் மாறும். இவையும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. திருப்பதியைச் சேர்ந்த திருவேங்கடாசாரிய சாஸ்திரி என்பவர் சதுரங்கம் பற்றிய நூலொன்றை 1814-இல் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே 1828-இல் அஞ்சல் வழி நடந்த போட்டியைப் பற்றிய நூலைக் குலாம் காசிம் அடுத்த ஆண்டே வெளியிட்டார். ஆக, தென்னிந்தியாவில் சதுரங்க அறிவுக்கோ எழுத்துக்கோ பஞ்சமிருக்கவில்லை. உலகம் ஆடிய ஆட்டத்தோடு பொருந்தும் ஒழுங்கான போட்டி முறைதான் இல்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதற்கு மீர் சுல்தான் கானின் கதை நல்ல சான்று. பஞ்சாபைச் சேர்ந்த அவர் நாட்டு முறையில் பழகியவர். சர் உமர் ஹயாத் கானின் பரிவாரத்தில் ஒருவராக இங்கிலாந்து சென்று, ஐரோப்பிய விதிகளைப் புதிதாகக் கற்று, 1929, 1932, 1933 ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார். பிறகு எஜமானரோடு நாடு திரும்பினார். சர்வதேச ஆட்டம் அத்தோடு நின்றது. அவருக்குப் பின்னால் ஒரு சங்கமோ ஒரு மாணவர் கூட்டமோ உருவாகவில்லை. அசாதாரணத் திறமை கொண்ட ஒருவர் மட்டும் இருந்தால் அந்தத் திறமை அவரோடு முடிந்துவிடும். ஆரோனின் வாழ்க்கையை சுல்தான் கானின் வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கும்போதுதான் அவர் என்ன செய்தார் என்பது விளங்குகிறது.

அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு 1951-இல் அமைந்தது. முதல் தேசியப் போட்டி 1955-இல் ஏலூருவில் நடந்தது. ராமச்சந்திர சப்ரேயும் வெங்கையாவும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டனர். 1959-இல் ஆரோன் முதல் முறை தேசியச் சாம்பியனானார். அடுத்த ஆண்டு லைப்சிக்கில் நாடுகளின் அணிகள் மோதும் சதுரங்க ஒலிம்பியாடில் இந்திய அணியின் முதல் பலகையில் ஆடி, முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவேயைத் தோற்கடித்தார். 1962-இல் வர்னாவிலும் 1964-இல் டெல் அவிவிலும் அதே முதல் பலகை அவருடையது.

1961-ஆம் ஆண்டுதான் அவரது ஆட்டத்தின் உச்சம். மேற்காசிய மண்டலப் போட்டியில் மங்கோலியாவின் மொமோவை 3–1 என்று வென்றார். அடுத்து ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை 3–0 என்று வீழ்த்தினார். இந்த வெற்றி இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டத்தையும், உலகச் சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றான ஸ்டாக்ஹோம் இன்டர்சோனலில் இடத்தையும் ஒருசேரத் தந்தது. அர்ஜுனா விருது தொடங்கப்பட்ட அந்த ஆண்டிலேயே சதுரங்கத்துக்காக அதைப் பெற்றவரும் அவர்தான். அடுத்த சதுரங்க வீரருக்கு, ரோஹிணி காடில்கருக்கு, அந்த விருது கிடைக்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பர்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அஞ்சல் வழிச் சதுரங்கத்தின் முதல் உலகச் சாம்பியன் அவர். அதைவிட, 1929 முதல் சதுரங்க இதழ் நடத்தி, ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதி, ஒதுங்கிக் கிடந்த ஒரு கண்டத்தையே இந்த ஆட்டத்தில் பழக்கியவர் என்பதே அவருடைய பெரிய பெருமை. பெரிய சதுரங்க நாடுகளிலிருந்து தொலைவில் இருக்கும் நாட்டில் ஒரு சாம்பியன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அவர் முன்மாதிரி. அவரைப் பலகையில் வென்ற ஆரோன் பின்னாளில் நடந்த பாதையும் கிட்டத்தட்ட அதுவே.

ஸ்டாக்ஹோமில் 1962 ஜனவரி கடைசியில் தொடங்கிய போட்டி மார்ச் முதல் வாரம் வரை நீண்டது. 23 பேர், ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டங்கள். பாபி ஃபிஷர் 17½ புள்ளிகளுடன் முதலிடம்; சோவியத் வீரர்களான பெத்ரோசியனும் கெல்லரும் 2½ புள்ளி பின்னால். ஆரோன் கடைசி இடம். ஆனால் அந்தக் கடைசி இடத்துக்காரர் ஹங்கேரியின் லாயோஷ் போர்டிஷையும் கிழக்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் உல்மனையும் தோற்கடித்திருந்தார். போர்டிஷ் பின்னர் 8 முறை, உலகச் சாம்பியனின் எதிராளியைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் சுற்று வரை சென்றவர். உல்மன் பிரெஞ்சுத் தற்காப்பில் உலகுக்கே ஆசானாகக் கருதப்பட்டவர். இப்படிப்பட்ட இருவரை வென்ற கைக்குத் திறமை போதவில்லை என்று சொல்ல முடியாது. போதாமல் போனது வேறு. சோவியத் வீரர்களுக்குப் பயிற்சியாளர் இருந்தார், ஆட்டத் தொகுப்புகள் இருந்தன, ஒவ்வொரு எதிராளியின் தொடக்க ஆட்டத்தையும் முன்கூட்டியே அலசும் வழக்கம் இருந்தது. ஆண்டு முழுவதும் வலுவான போட்டிகளில் ஆடிப் பழகிய உடலும் மனமும் இருந்தன. இந்தியாவில் வெளிநாட்டு ஆட்டக் குறிப்புகள் கப்பல் தபாலில் வந்து சேர வேண்டிய காலம் அது. ஐந்து வாரப் போட்டிக்குத் தனியாகச் சென்ற ஒருவர் இடையிடையே இரண்டு பெரிய வெற்றிகளைப் பெறலாம். 22 ஆட்டங்களையும் தாங்குவது வேறு விஷயம்.

தனக்கு இல்லாமல் போனவற்றை அடுத்தவர்களுக்கு உண்டாக்கித் தருவதாகவே ஆரோனின் பிற்காலப் பணி அமைந்தது. சர்வதேச விதிகளில் ஆட வேண்டும், தொடக்க ஆட்டங்களைப் புத்தகம் வைத்துப் படிக்க வேண்டும், கடிகாரம் வைத்து ஆட வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அதற்காக ஆட்டக் குழுக்களை உருவாக்கினார். அவற்றில் மிகப் பெரிய விளைவைத் தந்தது சென்னையின் தால் செஸ் கிளப். சோவியத் கலாசார மையத்தில் 1972-இல் தொடங்கப்பட்ட இதற்கு, 1960-இல் உலகச் சாம்பியனான மிகயில் தாலின் பெயர் சூட்டப்பட்டது. சோவியத் மையத்தின் ஆதரவு இருந்ததால் பலகை, காய், கடிகாரம், புத்தகம் ஆகியவை கிடைத்தன. அன்றைய நிலையில் இது சாதாரண வசதியல்ல. இரட்டை முகம் கொண்ட சதுரங்கக் கடிகாரம் கடையில் சுலபமாக வாங்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை. ஒரு பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் மறு பக்கம் ஓடத் தொடங்கும். நேரம் முடியும்போது முள் தூக்கிய சிறு கொடி விழும். இந்தக் கடிகாரத்தோடு பழகாதவர் போட்டியில் காயைவிட நேரத்தில்தான் அதிகம் தோற்பார்.

மயிலாடுதுறையில் 1969-இல் பிறந்த விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாய் சுசீலா. மகனை அவர் கூட்டிச் சென்ற இடம் தால் கிளப். அங்கே மின்னல் வேக ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு: வென்றவர் நாற்காலியில் தொடர்ந்து உட்காரலாம், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஆள் அதிகம், பலகை குறைவு. தோற்றால் அடுத்த வாய்ப்புக்கு நெடுநேரம் நிற்க வேண்டும் என்பதால், ஆடிக்கொண்டே இருக்க விரும்பும் சிறுவனுக்குத் தோற்காமல் இருப்பது தவிர வேறு வழியில்லை. ஆனந்தின் பிற்கால வேகத்துக்குப் பல காரணங்கள் சொல்லலாம். இந்த வரிசை அவற்றில் முதன்மையானது. ஒரு பயிற்சித் திட்டம் வகுத்துச் செய்ய முடியாததை ஒரு கூடம், சில பலகைகள், பல வயதுப் போட்டியாளர்கள் என்ற எளிய ஏற்பாடு செய்துவிட்டது.

கிளப் சென்னைக்குள் அடங்கியது. எழுத்து வெளியூருக்கும் சென்றது. ஆரோன் ‘தி இந்து’ நாளிதழில் சதுரங்கப் பத்தி எழுதினார். 1983-இல் சென்னையிலிருந்து ‘செஸ் மேட்’ மாத இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியப் பொறுப்பு அவருடையது. சதுரங்க எழுத்தின் வேலை இன்றைய நேரலை வர்ணனையின் வேலையேதான். அறுபது, எழுபது நகர்வுகள் கொண்ட ஆட்டத்தில் எது திருப்பம் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் படம் போட்டு, ஆடப்பட்ட நகர்வோடு ஆடாமல் விட்ட நகர்வையும் காட்டி, ஏன் ஒன்று தோற்றது என்பதை இரண்டு வரியில் சொல்ல வேண்டும். வர்ணனையாளர் இதைச் சில விநாடிகளில் செய்கிறார். பத்தி எழுதுபவருக்கு ஒரு வாரம் கிடைக்கிறது. வாசகருக்கும் அவகாசம் உண்டு. பத்திரிகையை மடித்துப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு நகர்வாகக் காய்களை நகர்த்திப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் பழைய நிலைக்குத் திரும்பி மறுபடி வைப்பார். பயிற்சியாளரே இல்லாத ஊரில் இருந்த சிறுவர்களுக்கு இந்தப் பத்திகளும் இதழ்களும்தான் பயிற்சியாளர். போட்டி முடிவு, தரவரிசை, அடுத்த போட்டி நடக்கும் இடம், நுழைவுக் கட்டணம் ஆகிய செய்திகளும் இவற்றின் வழியாகவே எட்டின.

நிர்வாகத்தில் மாநிலச் சங்கத்திலும் அகில இந்தியக் கூட்டமைப்பிலும் அவர் செயலர் பொறுப்பு வகித்தார். போட்டி நடத்துவது ஏன் ஆட்டத்தின் வளர்ச்சிக்கே அடிப்படை என்பதைப் பட்டம் வழங்கும் முறை காட்டுகிறது. இன்டர்நேஷனல் மாஸ்டர், கிராண்ட்மாஸ்டர் பட்டங்களுக்கு ‘நார்ம்’ எனப்படும் தகுதி அளவுகளை எட்ட வேண்டும். ஒரு நார்முக்குக் குறைந்தது 9 ஆட்டங்கள், குறிப்பிட்ட எண்ணிக்கையில் பட்டம் பெற்ற எதிராளிகள், பல நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று நிபந்தனைகள் உண்டு. இந்த நிபந்தனைகள் ஐரோப்பாவில் ரயில் பயணத் தூரத்திலேயே நிறைவேறிவிடும். இந்திய வீரரோ விமானக் கட்டணத்துக்கும், கட்டுப்பாடு நிறைந்த அந்நியச் செலாவணிக்கும், வேலையில் நீண்ட விடுப்புக்கும் அலைய வேண்டும். ஆகவே வீரரை வெளிநாட்டுக்கு அனுப்புவதைவிட வெளிநாட்டு மாஸ்டர்களை இங்கே வரவழைப்பது மலிவு. ஒரே செலவில் பத்துப் பேருக்கு வாய்ப்பு.

ஆரோன் பட்டம் பெற்ற 1961-க்குப் பிறகு இரண்டாவது இந்திய இன்டர்நேஷனல் மாஸ்டராகத் தமிழ்நாட்டின் வி. ரவிகுமார் 1978-இல் வந்தார். நடுவே 17 ஆண்டுகள். திறமைப் பஞ்சத்தை விட வாய்ப்புப் பஞ்சமே இந்த இடைவெளியை விளக்கும். போட்டிகள் பெருகியதும் நிலைமை மாறியது. ஆனந்த் 1983-இல் தேசியச் சப்-ஜூனியர் போட்டியில் 9-க்கு 9 எடுத்தார். 1987-இல் உலக ஜூனியர் சாம்பியனானார். அவருடைய கடைசி கிராண்ட்மாஸ்டர் நார்ம் கிடைத்தது வெளிநாட்டில் அல்ல, 1987 டிசம்பரில் கோயம்புத்தூரில் நடந்த சக்தி ஃபைனான்ஸ் சர்வதேசப் போட்டியில். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். 1991-இல் அவருக்கும் சோவியத் வீரர் அலெக்சி ட்ரீவுக்கும் இடையிலான கேண்டிடேட்ஸ் மோதல் சென்னையிலேயே நடந்தது. ஆனந்த் 4½–1½ என்று வென்றார்.

மாவட்டங்களில் இதன் பலன் மெதுவாகத் தெரிந்தது. இன்று திருச்சி பாலக்கரையிலோ ஸ்ரீரங்கத்திலோ உள்ள ஒரு பள்ளிச் சிறுமிக்கு ஆட வேண்டும் என்றால் ஏணி தயாராக இருக்கிறது. பள்ளிக் கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ நீள மேசைகள் போட்டு நடக்கும் ஒருநாள் போட்டியில் முதலில் ஆடலாம். சுருட்டி வைக்கும் விரிப்புப் பலகை, பிளாஸ்டிக் காய்கள். ‘சுவிஸ்’ முறையில் சுற்றுக்குச் சுற்று ஜோடி போட்டுச் சுவரில் ஒட்டும் தாள். தாளைப் பார்த்துப் பலகை எண் தேடும் பிள்ளைகள். வெளியே காத்திருக்கும் பெற்றோர். அடுத்து வயதுப் பிரிவு வாரியான மாவட்டத் தேர்வுப் போட்டி. அதில் முன்னணியில் வருபவர்களுக்கு மாநிலப் போட்டி, பிறகு தேசியப் போட்டி, நடுவே ஆட்ட வலிமையை எண்ணால் காட்டும் ஃபிடே ரேட்டிங். ஆரோன் ஆடத் தொடங்கியபோது இந்த ஏணியில் பாதிப் படிகள்கூட இல்லை.

ஆட்டக்காரரே விளக்குபவராகவும் நடத்துபவராகவும் மாறும் வழக்கம் அடுத்த தலைமுறைகளில் தொடர்கிறது. 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியனும் 2007-இல் காமன்வெல்த் சாம்பியனுமான கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷ், ஆட்டத்தை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு முழுநேரமாக வந்தார். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் மாக்னஸ் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது வர்ணனையாளர்களில் அவரும் ஒருவர். மும்பையின் இன்டர்நேஷனல் மாஸ்டர் சாகர் ஷா ‘செஸ்பேஸ் இந்தியா’ மூலம் காணொளி வழியாக அதே வேலையைச் செய்கிறார். பத்திக்காக ஒரு வாரம் காத்திருந்த வாசகரின் இடத்தில் இன்று கைப்பேசியில் நேரலை பார்க்கும் ரசிகர் இருக்கிறார்.

இந்த வரிசையில் ஆரோனுக்கு நெருக்கமானவராகத் தோன்றுபவர் சென்னையின் ஸ்ரீநாத் நாராயணன். 1994-இல் பிறந்தவர், 2005-இல் 12 வயதுக்கு உட்பட்டோர் உலகச் சாம்பியன், பின்னர் கிராண்ட்மாஸ்டர். நிஹால் சரின், அர்ஜுன் எரிகைசி ஆகியோருக்குப் பயிற்சி தந்தவர், வர்ணனையாளராகவும் அமர்ந்தவர், 2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணியின் ஆடாத தலைவர். 2023 டிசம்பரில் நடந்த முதல் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியின் இயக்குநரும் அவரே. உலகச் சாம்பியனின் எதிராளியைத் தீர்மானிக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி பெற, ஆண்டு முடிவதற்குள் புள்ளி சேர்க்கும் கட்டாயத்தில் சில வீரர்கள் இருந்தனர். அவர்களில் சென்னையின் டி. குகேஷும் ஒருவர். தமிழ்நாடு அரசின் ஆதரவோடு குறுகிய காலத்தில் 8 பேர் கொண்ட போட்டி ஏற்பாடானது. குகேஷ் வென்றார், கேண்டிடேட்ஸுக்குத் தகுதி பெற்றார், அதையும் வென்று 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடப்புச் சாம்பியன் டிங் லிரெனைத் தோற்கடித்து 18 வயதில் உலகச் சாம்பியனானார். சரியான வாரத்தில் சரியான ஊரில் ஒரு போட்டி நடந்ததால் உலகப் பட்டத்தின் பாதையே திறந்தது. ஸ்டாக்ஹோம் காலத்து இந்தியாவில் நினைத்துப் பார்க்க முடியாத ஏற்பாடு இது.

இடையில் 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடும் நடந்தது. ரஷ்யாவில் நடப்பதாக இருந்த போட்டி, உக்ரைன் போருக்குப் பிறகு இங்கே மாற்றப்பட்டது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளை ஜூலை 28-க்குள் தங்கவைத்து, பலகைகளில் உட்காரவைக்கச் சில மாத அவகாசமே இருந்தது. மாநில அரசும் கூட்டமைப்பும் அதை நடத்திக் காட்டின. ஏற்பாட்டுப் பணியில் சேர்ந்த நடுவர்களும் தன்னார்வலர்களும் பல ஆண்டுகளாக மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பழகியவர்கள் என்பதை இந்த வெற்றியில் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆரோன், விஜய் டி. பண்டிட்டுடன் சேர்ந்து எழுதிய இந்தியச் சதுரங்க வரலாற்று நூல் 2014-இல் வெளிவந்தது. கி.பி. 570 முதல் 2010 வரையிலான காலத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஆட்டக்காரர்களின் நினைவுகளிலும் போட்டித் தாள்களிலும் சிதறிக் கிடந்தவற்றை ஒரு நூலுக்குள் கொண்டுவருவது, அரை நூற்றாண்டு அந்தப் போட்டிகளிலேயே இருந்த ஒருவரால்தான் செய்ய முடிந்த வேலை. இந்தியச் சதுரங்கத்தின் தொடக்ககால ஆட்டங்கள் பல பதிவின்றிப் போனவை. எஞ்சியவற்றைத் திரட்டியதற்காக மட்டுமே அந்த நூல் மதிக்கத்தக்கது.

சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்தது. 2024-இல் ‘சேலஞ்சர்ஸ்’ என்ற இரண்டாம் பிரிவு சேர்க்கப்பட்டது. அதில் முதலிடம் பெறுபவர் அடுத்த ஆண்டு முதன்மைப் பிரிவில் ஆடுவார். அந்த ஆண்டு முதன்மைப் பிரிவை அரவிந்த் சிதம்பரமும் சேலஞ்சர்ஸை வி. பிரணவும் வென்றனர். 2025 ஆகஸ்டில் போட்டி நடக்கவிருந்த ஹோட்டலில் தீ விபத்து ஏற்பட்டு, தொடக்கம் ஒரு நாள் தள்ளிப்போனது. பிறகு எல்லாச் சுற்றுகளும் முறைப்படி நடந்தன. ஜெர்மனியின் வின்சென்ட் கெய்மர் முதன்மைப் பிரிவை வென்றார். சேலஞ்சர்ஸை வென்று அடுத்த ஆண்டுக்கான இடத்தைப் பிடித்தவர் காரைக்குடியைச் சேர்ந்த எம். பிரணேஷ்.